உடன்பிறந்தாளைத் தேர்ந்தெடுக்கும் மாளிகை

ஆகஸ்டுத் திங்கள். அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்திலே, டஸ்கலூசா என்றோர் ஊர். வெயில் கொளுத்துகிறது. வெண்தூண்கள் நிமிர்ந்து நிற்கும் மாளிகைகள் வரிசை வரிசையாக! ஒவ்வொரு மாளிகையின் முன்னாலும் மங்கையர் கூட்டம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக் கழகத்தில் காலடி வைக்க வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்கள். புத்தாடை உடுத்தி, முகத்துக்கு வண்ணம் தீட்டி, வழியும் வியர்வை அந்த வண்ணத்தைக் கலைத்துவிடுமோ என்று அஞ்சி நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளே அடுக்கடுக்காக நிற்கும் பெண்கள் கைதட்டிப் பாடி வரவேற்கிறார்கள். வந்தவள் உள்ளே செல்கிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். குறித்த நேரம் முடிந்ததும் வெளியே வருகிறாள். அடுத்த மாளிகையை நோக்கி நடக்கிறாள். அவள் முதுகு மறைந்ததும், சிரித்து வரவேற்ற அதே பெண்கள் அவளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்!

நம் வீடுகளிலே 'பெண் பார்க்கும் படலம்' உண்டு. பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு பெண் வந்து நிற்பாள்; மாப்பிள்ளை வீட்டார் ஏற இறங்கப் பார்ப்பர்; "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்து செல்வர்; கடிதம் வராது. அந்தக் கொடுமையைக் கண்டித்து நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம், ஏடுதோறும் எழுதியிருக்கிறோம். டஸ்கலூசாவிலே நடப்பதும் பெண் பார்க்கும் படலமே. ஒரு வேறுபாடுண்டு. அங்கே மாப்பிள்ளை இல்லை, மாமியார் இல்லை. பெண்ணே பெண்ணைப் பார்க்கிறாள். பெண்ணே பெண்ணைக் கழிக்கிறாள். அதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் என்ன தெரியுமா? உடன்பிறப்பு!

'சொராரிட்டி' என்பது அந்த அமைப்பின் பெயர். 'சொரார்' என்னும் லத்தீன் சொல்லுக்கு உடன்பிறந்தாள் என்று பொருள். சைரக்யூஸ் பல்கலைக் கழகத்திலே 1874இல் தோன்றிய காமா ஃபை பீட்டா என்னும் மாணவியர் மன்றத்திற்காக, லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, 1882இல் ஆக்கித் தந்த சொல் அது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் மன்றங்கள் அனைத்திற்கும் பின்னர் அதுவே பொதுப்பெயராயிற்று. இன்று அத்தகைய மன்றங்களில் 26 ஒன்றுசேர்ந்து, 1902இல் தோன்றிய தேசியப் பேரவை ஒன்றின்கீழ் இயங்குகின்றன. சேர்ந்தால் தங்க இடமுண்டு, தோழமையுண்டு, படிப்பு முடிந்த பிறகும் தொடரும் தொடர்புண்டு. சேர்த்துக்கொண்டால்தான்! அந்தச் 'சேர்த்துக்கொண்டால்' என்ற சொல்லில்தான் இந்தக் கட்டுரையின் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

"எங்கோ ஒரு நாட்டில், செல்வர் வீட்டுச் செல்விகள் ஆடும் விளையாட்டு, அதைத் திறனாய நமக்கென்ன வேலை?" என்று கேட்கும் தோழர் இருப்பர். அவர்களுக்குச் சொல்வோம்: இந்த மன்றங்களைக் கட்டியவர்கள் செருக்கால் கட்டவில்லை. ஒதுக்கப்பட்டதனால் கட்டினார்கள். ஒதுக்கப்பட்டவர் கட்டிய வீட்டுக்கு, ஒதுக்கும் வாயில் எப்படி வந்தது? உரிமைக்காக மன்றம் அமைக்கும் எவரும், எந்த நாட்டவராயினும், விடை தேட வேண்டிய கேள்வி இது.

வரலாற்றைப் புரட்டுவோம்.

இந்தியானா மாநிலத்தில் கிரீன்காசில் என்ற ஊர். அங்குள்ள கல்லூரிக்கு இந்தியானா ஆஸ்பரி என்பது அன்றைய பெயர். இன்று டிபா பல்கலைக் கழகம். 1867இல் அது பெண்களுக்குக் கதவைத் திறந்தது. திறந்ததேயன்றி வரவேற்கவில்லை. பெண்ணுக்கு இலக்கணமும் கணிதமும் எதற்கென்று ஏளனம் பேசிய காலம். ஆடவர்க்கெனக் கிரேக்க எழுத்து மன்றங்கள் பல இருந்தன. பெண்ணுக்கு ஒன்றில்கூட இடமில்லை. பெட்டி லாக் என்னும் மாணவி. அந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மகள். ஆடவர் மன்றமொன்றின் இளைஞர் தம் மன்றத்தின் சின்னத்தை அணிந்துகொள்ளும்படி அவளைக் கேட்டார். "முழு உறுப்பினளாகச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று அவள் கேட்டாள். முடியாதென்றார்கள். மாறாக, தங்கள் மன்றத்தின் எழுத்துகள் பொறித்த வெள்ளிப் பலகாரக் கூடை ஒன்றைப் பரிசாக அளித்தார்கள்! உரிமை கேட்டவளுக்குக் கூடை!

அவளுடைய தந்தை சொன்ன யோசனை, நீயே ஒரு மன்றம் தொடங்கு என்பது. 1870 சனவரி 27ஆம் நாள், நான்கு மாணவியர் கூடி, காப்பா ஆல்ஃபா தீட்டா என்ற மன்றத்தை நிறுவினர். அந்த மன்றத்தினர் இன்றளவும் பெருமையுடன் எடுத்துரைக்கும் வரலாறு இது. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். மறுக்கிறோமில்லை.

மெய்ன் மாநிலத்திலே கோல்பி கல்லூரி. அங்கு முதன்முதலாகப் படிக்க வந்த பெண்கள் அய்வர், 1874இல் சிக்மா காப்பா என்னும் மன்றத்தை அமைத்தனர். ஆடவர் நடுவே அய்ந்தே பெண்கள்! ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டால்தான் நிற்க முடியும். இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் 1867இல் பன்னிரு பெண்கள் கூடித் தொடங்கிய பை பீட்டா ஃபை மன்றத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே.

தொடக்கம் தூயது. துணிவிலே பிறந்தது. பிறகு?

பிறகு, கதவுக்கு வெளியே நின்றவர்கள் கதவுக்கு உள்ளே வந்தார்கள். வந்தவுடன் தாழ்ப்பாள் எங்கே என்று தேடினார்கள்!

யூத மாணவியரை அந்த மன்றங்கள் ஏற்க மறுத்தன. ஆகவே, 1903இல் நியூயார்க்கில் யூதப் பெண்கள் தமக்கென ஐயோட்டா ஆல்ஃபா பை மன்றத்தை அமைத்தனர். 1909இல் பர்னார்டு கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலன் ஃபை எழுந்தது. கத்தோலிக்க மாணவியர்க்கும் அதே நிலை. 1912இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் தீட்டா ஃபை ஆல்ஃபா தோன்றிற்று. ஆடவர் தள்ளியதால் பெண் ஒரு வீடு கட்டினாள். அந்தப் பெண் தள்ளியதால் இன்னொரு பெண் இன்னொரு வீடு கட்டினாள். வீடுகள் பெருகின, வாயில்கள் பெருகின, வாயில்தோறும் காவலும் பெருகிற்று.

1956ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கார்னெல் பல்கலைக் கழகத்திலும் டஃப்ட்ஸ் பல்கலைக் கழகத்திலும் இருந்த சிக்மா காப்பா கிளை மாணவியர், கருப்பின மாணவியரைத் தம் உறுப்பினராக ஏற்றனர். ஏற்ற இளம்பெண்களைத் தலைமை பாராட்டியிருக்க வேண்டுமல்லவா? இரு கிளைகளையும் தலைமை இடைநீக்கம் செய்தது! மன்றம் முழுமையின் நன்மைக்காக என்று காரணம் கூறப்பட்டது. கோல்பியிலே தன்னந்தனியாக நின்ற அய்ந்து பெண்கள் தொடங்கிய அதே சிக்மா காப்பா! எண்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தகைய மாற்றம்! தனிமையின் வேதனையிலே பிறந்த மன்றம், இன்னொருத்தியைத் தனிமையிலே தள்ளுவதை 'நன்மை' என்று அழைத்தது.

அதே 1956இல், முன்னர்ச் சொன்ன அலபாமாவிலே நடந்ததென்ன? ஆதரீன் லூசி என்னும் கருப்பின நங்கை, நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்று அலபாமா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். வெறிக்கும்பல் திரண்டது. சில நாட்களிலேயே, பாதுகாப்பைக் காரணங்காட்டி, கலகம் செய்தவர்களை விட்டுவிட்டு, கல்வி கற்க வந்தவரைப் பல்கலைக் கழகம் வெளியேற்றிற்று! 1963 சூன் 11ஆம் நாள், ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், பல்கலைக் கழக மண்டபத்தின் வாயிலிலே தாமே நின்று மறித்தார். குடியரசுத் தலைவர் கென்னடி தேசியக் காவற்படையை மத்திய ஆட்சியின் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பின்னரே ஆளுநர் விலகினார். விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரு கருப்பின மாணவர் உள்ளே நுழைந்தனர். 1965இல் விவியன் மலோன் பட்டம் பெற்றார். வாயில் திறந்துவிட்டதென்று உலகம் எண்ணியது.

வகுப்பறை வாயில் திறந்தது உண்மை. வெண்தூண் மாளிகைகளின் வாயில்?

2013 செப்டம்பர் 11ஆம் நாள், அந்தப் பல்கலைக் கழக மாணவர்களின் ஏடான 'கிரிம்சன் ஒயிட்' ஒரு கட்டுரையை வெளியிட்டது. 'இறுதித் தடை' என்று பொருள்படும் தலைப்பு. எழுதியவர்கள் இருவர், இருவரும் மாணவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கருப்பின மாணவி ஒருத்தி அந்த மாளிகைகளின் வாயிலில் நின்றாள். பள்ளியிறுதி வகுப்பிலே இரண்டாம் இடம் பெற்றவள், மதிப்பெண்ணில் குறையில்லை, குடும்பத்திற்குப் பல்கலைக் கழகத்துடன் உயர்ந்த தொடர்பு வேறு. 16 மன்றங்கள், பதினாறிலும் அவளுக்கு அழைப்பில்லை. "அவளை ஏற்க நாங்கள் விரும்பினோம், பழைய உறுப்பினர்களான முதியோர் குறுக்கிட்டுத் தடுத்தனர்" என்று மாளிகைக்குள்ளிருந்தே சில மாணவியர் வாய்திறந்தனர், தம் பெயரையும் கொடுத்தே பேசினார் ஒருவர். ஆளுநர் வாயிலை மறித்துச் சரியாக அய்ம்பதாண்டுகள் கழிந்த பின்னர்! விதிவிலக்கென்று ஓரிருவரைச் சுட்டிக்காட்ட முடியும். விதி எது என்பதை அந்த விதிவிலக்கே காட்டிவிடுகிறது.

அந்தக் கட்டுரை செய்ததென்ன? நூற்றுக்கணக்கான மாணவரும் ஆசிரியரும் திரண்டு பல்கலைக் கழக நிர்வாகக் கட்டடத்தை நோக்கி அணிவகுத்துச் சென்றனர். பல்கலைக் கழகத் தலைவர் ஜூடி பானர், மூடிய சேர்க்கையை மீண்டும் திறக்க ஆணையிட்டார். சில நாட்களுக்குள் 11 கருப்பின மாணவியர்க்கு அழைப்பு சென்றது. அறிவிப்பு வெளிவந்த போது நால்வர் ஏற்றிருந்தனர். அய்ம்பதாண்டுகளாக அசையாத கதவு, பத்து நாட்களுக்குள் அசைந்தது! அசைத்தது படையா? பணமா? மாணவர் இருவரின் பேனா! எழுத்தால் என்ன ஆகும் என்று சோர்ந்துபோகும் இளைஞர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவிலே நிறுத்துவார்களாக.

"நிறவெறி பழைய நோய், அது நீங்கிக்கொண்டிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் முறையிலே தவறென்ன?" என்று அறிவாளர் சிலர் வாதிடலாம். நிறம் தலையிடாத இடத்திலே இந்த முறை என்ன செய்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. அதற்கு மீண்டும் கிரீன்காசிலுக்கே செல்ல வேண்டும். பெட்டி லாக் கூடையைப் பெற்ற அதே கல்லூரிக்கு.

2006 டிசம்பர். தேர்வு நெருங்கும் வேளை. டிபா பல்கலைக் கழகத்தில் டெல்ட்டா ஸீட்டா என்ற மன்றத்தின் கிளை. உறுப்பினர் 35 பேர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால் தலைமை நிலையத்தார் வந்தனர், ஒவ்வொருவரையும் நேர்கண்டனர், சென்றனர். பிறகு கடிதம் வந்தது. 23 பேர் மாளிகையை விட்டு வெளியேற வேண்டும்! வெளியேற்றப்பட்டவர்கள் யார்? உடல் பருத்தவர் அனைவரும் அந்த இருபத்து மூவரில் இருந்தனர். அந்தக் கிளையில் இருந்த ஒரே கருப்பின மாணவியும், ஒரே கொரிய மாணவியும், ஒரே வியத்நாமிய மாணவியும் இருந்தனர். நிறுத்திக்கொள்ளப்பட்ட பன்னிருவர், ஆடவர் மன்றங்களின் பார்வைக்கு இனியவர்! உழைப்பிலும் ஈடுபாட்டிலும் குறைந்தவர்களையே விலக்கினோம், தோற்றத்தைப் பார்க்கவில்லை என்றது தலைமை. அந்தப் பன்னிருவரிலேயே அறுவர், "இந்த மாளிகை எமக்கு வேண்டாம்" என்று தாமே வெளியேறினர். அந்த அறுவரின் செயல் தலைமைக்கு விடையளித்துவிட்டது. 2007 மார்ச்சில் பல்கலைக் கழகமே அந்த மன்றத்துடன் உறவை முறித்துக்கொண்டது.

முன்னொரு நாள் அந்த ஊரிலே ஒரு பெண், ஆடவர் கொடுத்த அலங்காரச் சின்னத்தை வேண்டாமென்று தள்ளினாள். முழு உரிமை வேண்டுமென்றாள். 2006இல் அதே ஊரில், பெண்கள் மன்றமொன்று, ஆடவர் கண்ணுக்கு அலங்காரமாக இல்லாதவர்களை வெளியே அனுப்பியது என்ற பழிக்கு ஆளாகி நின்றது. பெட்டி லாக் தள்ளிய சின்னம், வேறு வடிவிலே திரும்பி வந்துவிட்டது!

இவை தனித்தனி மனிதரின் தீமையால் விளைந்தவை என்று நாம் கருதவில்லை. முறையே இவற்றை விளைவிக்கிறது. முறையைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

அலபாமாவிலே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவியர் இந்தச் சேர்க்கைக்கு வருகிறார்கள். சேர்க்கை ஒரு வாரத்துக்குக் குறையாமல் நீள்கிறது. சுற்றுக்குச் சுற்று மாளிகைகளின் எண்ணிக்கை குறைகிறது. மாளிகை பெண்களை வரிசைப்படுத்துகிறது. பெண்ணும் மாளிகைகளை வரிசைப்படுத்துகிறாள். இரண்டையும் பொருத்தி முடிவு வருகிறது. "இருவரும்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?" என்கிறார்கள். அழகான வாதம்! நானூறு பேர் கூடிய மாளிகை ஒருத்தியைத் தள்ளினால், மாளிகைக்கு இழப்பென்ன? அந்த ஒருத்தியோ, தன்னை அறியாத ஊரிலே, முதல் வகுப்புத் தொடங்கும் முன்னரே, "நான் எதில் குறைந்தவள்?" என்று இரவு முழுதும் விழித்திருக்கிறாள். காரணம் சொல்வாரில்லை, மேல்முறையீடும் இல்லை.

எதைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள்? சில நிமிடப் பேச்சைக் கொண்டு. அந்தப் பேச்சிலும் ஆடவர், மது, மதம், பணம், அரசியல் என்ற அய்ந்தைப் பற்றி வாய்திறவாதே என்று புதியவளுக்கு அறிவுரை வழங்கப்படுகிறது. வாழ்க்கையில் பெண்ணை அழுத்தும் அய்ந்தும் விலக்கப்பட்டுவிட்டன! எஞ்சியது என்ன? அணிந்திருக்கும் ஆடை, அதை வாங்கிய கடை, விடுமுறையில் சென்ற ஊர். பல்கலைக் கழகத்தின் வாயிலிலேயே, சிந்தனையை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்று கற்பிக்கும் பாடத்திற்கு உடன்பிறப்பென்று பெயரா?

தாயோ தமக்கையோ முன்னர் உறுப்பினராக இருந்தால் மகளுக்கு முன்னுரிமை என்பது நெடுங்கால வழக்கம். பழைய உறுப்பினர் எழுதும் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்பதும் வழக்கம். பிறப்பால் தகுதி! இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. பரம்பரையாக அறிந்த பாடம். 2020ஐ ஒட்டி எழுந்த கண்டனத்திற்குப் பிறகு பல மன்றங்கள் இவ்விரண்டையும் கைவிட்டன. வரவேற்கிறோம். ஆனால் பணம்? ஒவ்வொரு பருவத்திற்கும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். சேர்க்கைக்கு எப்படி உடுத்துவது, எப்படிப் பேசுவது என்று பயிற்சி தர, கூலி வாங்கும் ஆலோசகர்களும் தோன்றிவிட்டனர். குடிசைக்குப் பிறந்தவள் இந்தப் படியில் எப்படி ஏறுவாள்?

2021 ஆகஸ்டில், அந்த மாணவியர் தம் ஆடையணிகளை டிக்டாக்கில் காட்டிய சிறு படங்களை உலகமே பார்த்து மகிழ்ந்தது. 2023இல் ரேச்சல் ஃபிளைட் என்ற இயக்குநர் 'பாமா ரஷ்' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். சில மாணவியரின் உள்ளத்தைத் திறந்து காட்ட முயன்ற படம். தலைமுடி இழந்த தம் வாழ்வின் துயரையும், அதை மறைத்து வாழ்ந்த நாட்களையும் இயக்குநர் அதில் இணைத்தார். பிறர் ஏற்க வேண்டுமே என்ற ஏக்கம் எத்தகையது என்பதைப் படம் உணர்த்துகிறது. அந்த அளவிலே பாராட்டுகிறோம். குறையும் கூறுவோம்: ஏங்குபவளின் கண்ணீரைக் காட்டிய அளவுக்கு, ஏங்க வைக்கும் முறையின் மீது ஒளி பாயவில்லை. நோயாளியின் முகத்தை அருகிலே காட்டினார். நோயின் மூலத்தைத் தொலைவிலே நிறுத்திவிட்டார்.

நடுவுநிலை பிறழாதிருக்க வேண்டுமாதலால், இந்த மன்றங்கள் செய்த நன்மைகளையும் கூறுவோம். பை பீட்டா ஃபை மன்றம் 1912இல் டென்னசி மலைப்பகுதியான காட்லின்பர்க்கில், ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது. கருப்பின மாணவியரின் மன்றங்களோ நெடிய வரலாறு படைத்தவை. 1908இல் ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா தோன்றியது. 1913 சனவரியில் 22 மாணவியர், சமுதாயப் பணியிலே இன்னும் முனைந்து நிற்க வேண்டுமென்று பிரிந்து, டெல்ட்டா சிக்மா தீட்டாவை நிறுவினர். நிறுவி இரு திங்கள்கூட ஆகவில்லை. மார்ச் 3ஆம் நாள், வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணியிலே நடந்தனர்! ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவினர் 1935 முதல், மிசிசிப்பியின் பருத்தி வயல்களில் வாடிய கருப்பின உழவர் குடும்பங்களுக்கு நடமாடும் மருத்துவமனைகளைக் கொண்டுசென்றனர். சென்னையிற் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1986இல் சேர்ந்தது இந்த மன்றத்தில்தான். பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவராக உயர்ந்த அவருக்கு மன்றத்தின் உடன்பிறப்புகள் தோள் கொடுத்தனர். தள்ளப்பட்ட மக்கள் தம் மன்றத்தைப் பணிமனையாக ஆக்கும்போது அது எவ்வளவு உயர முடியும் என்பதற்கு இவை சான்று.

ஆயினும், தேர்ந்தெடுக்கும் வாயில் இருக்குமிடத்தில், வாயிலிலே சோதனை என்ற பெயரால் வதையும் வந்து நிற்கிறது. வெள்ளையர் மன்றம், கருப்பர் மன்றம் என்ற வேறுபாடு அதற்கில்லை. உடன்பிறப்பாவதற்கு முன் அடி வாங்கு, அவமானப்படு, விழித்திரு என்று கட்டளை! கருப்பின மன்றங்களின் கூட்டவை 1990இல் பழைய சோதனைக் கால முறையையே ஒழித்தது. ஒழித்தும் மறைவிலே தொடர்ந்தது. 2002 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையில் நள்ளிரவிலே இரு மாணவியர் அலையில் மூழ்கி மாண்டனர். மன்றச் சேர்க்கைக்கான வதையே காரணம் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். இத்தகைய வதைகளைப் பல்கலைக் கழகங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்று 2024 டிசம்பரில் அமெரிக்காவில் சட்டமே வந்தது. உடன்பிறந்தாளாவதற்கு உயிரை விலையாகக் கேட்கும் சடங்கைச் சட்டம் வந்துதான் தடுக்க வேண்டுமென்றால், அறிவு எங்கே போயிற்று?

சட்டம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் வேற்றுமை கூடாதென்று 1972இல் அந்நாடு சட்டம் இயற்றியது. 1974இல், இந்த மன்றங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு மட்டும் அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. "நாங்கள் தனியார் சங்கம், யாருடன் கூடுவது என்பது எங்கள் உரிமை" என்பது இவர்களின் இறுதி அரண். கூடும் உரிமையை நாமும் போற்றுகிறோம். நாலு தோழியர் ஒரு வீட்டில் கூடிப் பேசினால் நாம் கேள்வி கேட்போமா? மாட்டோம். பல்கலைக் கழக வளாகத்துக்குள்ளே மாளிகை, பல்கலைக் கழக நாட்காட்டியிலே சேர்க்கை வாரம், பல்கலைக் கழகப் புகழிலே பங்கு. தள்ளும்போது மட்டும் தனியாரா? பொதுவின் நிழலில் நின்றுகொண்டு தனியுரிமை பேசுவதை ஏற்க முடியாது.

வழியென்ன? வழியைக் காட்டியவர்களும் அந்த நாட்டு மாணவர்களே. பென்சில்வேனியாவில் சுவார்த்மோர் கல்லூரி. அங்கே காப்பா ஆல்ஃபா தீட்டாவின் கிளையில் மோலி யார்டு என்ற மாணவி. யூத மாணவி ஒருத்தியைச் சேர்க்க அவருடைய மன்றம் மறுத்தது. ஆம், கூடையைப் பெற்ற பெட்டி லாக்கின் மன்றம்தான்! மோலி யார்டு என்ன செய்தார்? "நான் உள்ளே இருக்கிறேன்; எனக்கென்ன?" என்று இருந்துவிடவில்லை. யூதப் பெண்ணுக்கு மட்டும் ஓரிடம் கொடுங்கள் என்று கெஞ்சவுமில்லை. தள்ளும் முறையையே ஒழிப்போமென்று கிளம்பினார். 1933இல் அக்கல்லூரி மாணவியர் தாமே வாக்களித்து அத்தனை சொராரிட்டிகளையும் கலைத்தனர்! பிற்காலத்தில் அமெரிக்கப் பெண்களின் பெரும் உரிமை இயக்கமான தேசியப் பெண்கள் அமைப்புக்கு 1987இல் தலைவரானவர் அதே மோலி யார்டு. சிக்மா காப்பா பிறந்த கோல்பியும் 1984இல் தன் வளாகத்தில் இத்தகைய மன்றங்கள் அனைத்தையும் ஒழித்து, எல்லா மாணவரும் கலந்து வாழும் இல்லங்களை அமைத்தது. 2020இல் வான்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் நூற்றுக்கணக்கான மாணவர் தாமாகவே மன்றங்களை விட்டு வெளியேறினர்.

மாணவியர்க்கு மன்றம் வேண்டாமென்றா சொல்கிறோம்? வேண்டும், கட்டாயம் வேண்டும். ஊரைவிட்டு வந்தவளுக்குத் தோள் வேண்டும், தோழமை வேண்டும், துணிவு சொல்ல நாலு குரல் வேண்டும். பெயரைப் பதிந்தால் உறுப்பினள் என்றிருக்கட்டும். கட்டணத்தைக் காரணங்காட்டி எவளையும் விலக்காதிருக்கட்டும். அரசியலும் சமயமும் பணமும் அங்கே அஞ்சாமல் பேசப்படட்டும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு சொல். அயல்நாட்டு மாளிகையைப் பார்த்து நகைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். தள்ளப்பட்டவர் திரண்டு மன்றம் அமைப்பது வீரம். அந்த மன்றம் வளர்ந்து, மாளிகையாகி, வாயிலில் நின்று இன்னொருவரை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கும் நாள் ஒன்று வரும். எந்த மன்றத்துக்கும் அந்த நாள் வரலாம். நாம் அமைக்கும் மன்றங்களுக்கும் வரலாம். அன்று உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதே சோதனை.

நம் தாய் நமக்குத் தங்கையைப் பெற்றெடுத்தபோது நம்மிடம் கேட்டா பெற்றாள்? நிறம் பார்த்தோமா? உடல் பார்த்தோமா? மதிப்பெண் போட்டோமா? தொட்டிலில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டோம், உடன்பிறந்தாள் என்றோம். அந்தச் சொல்லை எடுத்துப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்பவர்கள், அதன் பொருளையும் எடுத்துக்கொள்ளட்டும். இயலாதென்றால் பலகையை இறக்கிவிடட்டும். வெளியே வெயிலில் நிற்கிறாள் ஒருத்தி. கதவைத் திறந்தே வையுங்கள்!